குறிப்புக்குப் பெயரிடுதல்

நுழையும்முன்

பெயரிடாத குறிப்பு, தேடும் நேரத்தில் கைக்குக் கிடைப்பதில்லை. பிழையாகப் பெயரிட்ட குறிப்போ கிடைத்தும் வழிதவறச் செய்கிறது. சிதறிய செய்திகளை இனம்பிரித்துப் பெயரிடும் பணியை இன்று செயற்கை நுண்ணறிவு சில நொடிகளில் செய்து தருகிறது. அது எவ்வாறு பெயரிடுகிறது, எந்த இடத்தில் பிழை நேர்கிறது, அதனைச் சரிபார்க்கும் பொறுப்பு யாருடையது என்பவற்றைத் தமிழரின் தொகுப்பு மரபோடு இணைத்து விளக்குகிறது இப்பாடம்.

வளையத்தில் கோத்த ஏடுகள்

திருவள்ளூர் மாவட்டத்தில் கொசத்தலை ஆற்றின் படுகையில் அமைந்துள்ள ஊர் திருவாலங்காடு. காரைக்கால் அம்மையாரின் பாடல் பெற்ற தலம். கூத்தபிரானின் ஐந்து மன்றங்களுள் இரத்தின சபை எனப் போற்றப்படுவது. வரலாற்று மாணவர்க்கு இவ்வூர் மற்றொரு காரணத்தால் நெருக்கமானது. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்று அழைக்கப்படும் சோழர்கால ஆவணம் இங்கு 1905ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த கொடையை அது பதிவுசெய்கிறது.

மொத்தம் 31 ஏடுகள். வடமொழிப் பகுதி 271 செய்யுள்களில் சோழர் குலவரலாற்றைக் கூறுகிறது. தமிழ்ப் பகுதி கொடையாணையையும், கொடையளிக்கப்பட்ட ஊரின் எல்லைகளையும், அதனோடு தொடர்புடைய அலுவலர்களையும் விரிவாகத் தருகிறது. ஏடுகள் அனைத்தும் துளையிடப்பட்டு ஒரே வளையத்தில் கோக்கப்பட்டுள்ளன. வளையத்தில் அரச முத்திரை பொறிக்கப்பட்டுள்ளது. வளையம் ஏடுகளின் வரிசையைக் காத்தது. அவை எந்த ஆணையைச் சேர்ந்தவை என்பதை முத்திரை அறிவித்தது.

ஓர் ஆய்வுக்காகவோ களப்பணிக்காகவோ நாம் இன்று திரட்டும் குறிப்புகளுக்கு இத்தகைய வளையம் இல்லை. ஒருவர் கையேட்டில் எழுதுகிறார். ஒருவர் கைப்பேசியில் பதிகிறார். மற்றொருவர் திரையில் ஒட்டுகிறார். ஒரு வாரம் கழிந்தபின், அவற்றுள் எது எதனோடு சேரும் என்று எழுதியவருக்கே விளங்குவதில்லை. குறிப்புகளைக் கோக்கும் வளையமாகப் பயன்படுவது, அவற்றுக்கு நாம் இடும் பெயரே ஆகும்.

தொகுத்தோர் கண்ட நெறி

சிதறிக்கிடந்தவற்றை இனம்பிரித்துப் பெயரிடும் கலை தமிழுக்குப் புதிதன்று. சங்கப் பாடல்கள் பல காலத்தில், பல இடத்தில், பல புலவர்களால் பாடப்பட்டவை. அவற்றைத் தொகுத்த சான்றோர் முதலில் அகம், புறம் என்று பொருளால் பிரித்தனர். அகவற்பாவால் ஆன அகப்பாடல்களை அடியளவால் மீண்டும் பகுத்தனர். குறுகியவை குறுந்தொகையாகவும், 9 முதல் 12 அடி வரையுள்ளவை நற்றிணையாகவும், 13 முதல் 31 அடி வரையுள்ளவை அகநானூறாகவும் அமைந்தன.

அகநானூற்றின் வைப்புமுறை மேலும் வியப்புக்குரியது. அந்நூலில் ஒற்றைப்படை எண்கள் அனைத்தும் பாலைப் பாடல்கள். 2, 8 என முடியும் எண்கள் குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். 10, 20 எனப் பத்தின் மடங்காக வருபவை நெய்தல். பாடலைப் படிக்கும் முன்னரே அதன் எண்ணைக்கொண்டு திணையைச் சொல்லிவிடலாம். எண்ணையே பெயராக மாற்றிய அமைப்பு இது.

பாடியவர் பெயர் தெரியாத இடங்களில் வேறொரு வழி பின்பற்றப்பட்டது. பாடலுக்குள் ஒளிர்ந்த தொடரையே புலவருக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், தேய்புரிப் பழங்கயிற்றினார் ஆகியோர் அவ்வாறு பெயர்பெற்றவர்கள். வெளியிலிருந்து ஒரு பெயரைக் கொண்டுவந்து ஒட்டாமல், உள்ளே இருக்கும் சொல்லிலிருந்து பெயரை எடுத்தனர் என்பது நாம் கருதத்தக்கது.

இன்னொரு நெறியும் உண்டு. ஒரு திணைக்கு உரிய நிலமும் கருப்பொருளும் மற்றொரு திணையோடு கலந்து வருவதைத் தமிழ் இலக்கண மரபு திணைமயக்கம் என்று ஏற்றுக்கொண்டது. உலகத்துப் பொருள்கள் வகைக்குள் முழுமையாக அடங்குவதில்லை என்னும் தெளிவு வகுத்தவர்களிடமே இருந்தது. சில புறப்பாடல்களுக்குத் திணையும் துறையும் கிடைக்காதபோது, அவை கிடைக்காமலேயே பதிப்பிக்கப்பட்டுள்ளன. தெரியாத இடத்தில் ஒரு பெயரை இட்டு நிரப்பாமையும் தொகுப்பு நெறிகளுள் ஒன்று.

சீட்டிலிருந்து வெண்பலகைக்கு

இருபதாம் நூற்றாண்டில் சப்பானிய மானுடவியல் அறிஞர் சிரோ கவகிதா, நேபாளத்தில் களப்பணி செய்தபோது திரட்டிய ஏராளமான குறிப்புகளை ஒழுங்குபடுத்த ஒரு முறையை உருவாக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது கே.சே. முறை எனப்படுகிறது. 1967ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூல் அம்முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது.

அதன் படிகள் எளியவை. ஒரு சீட்டில் ஒரு செய்தியை மட்டும் எழுத வேண்டும். எல்லாச் சீட்டுகளையும் பரப்பி வைத்து, ஒன்றோடொன்று உறவுடையவையாகத் தோன்றுபவற்றை அருகருகே சேர்க்க வேண்டும். குழு உருவான பின்னரே அதற்குப் பெயர் சூட்ட வேண்டும். பெயர்களை முன்னரே எழுதி வைத்துக்கொண்டு சீட்டுகளை அவற்றுக்குள் திணிக்கக் கூடாது. எந்தக் குழுவிலும் சேராத சீட்டு தனியாகவே நிற்கலாம். அதனைக் கட்டாயப்படுத்திச் சேர்க்க வேண்டியதில்லை. இம்முறையிலிருந்து வளர்ந்த உறவு வரைபடம், தொழிற்சாலைகளில் தரமேம்பாட்டுக்குப் பயன்படும் ஏழு புதிய கருவிகளுள் ஒன்றாக இடம்பெற்றுள்ளது. கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பேட்டைகளில் நாளை பணியாற்றச் செல்லும் மாணவர் இதனை அங்கும் சந்திக்கக்கூடும்.

சீட்டும் சுவரும் இருந்த இடத்தில் இன்று எண்ணிம வெண்பலகை வந்துள்ளது. பலர் பல இடங்களிலிருந்து ஒரே திரையில் வண்ண ஒட்டுத்தாள்களைப் பதித்து, நகர்த்தி, வரைந்து பணியாற்ற அது இடமளிக்கிறது. மிரோ, 2021ஆம் ஆண்டு அறிமுகமான ஃபிக்ஜாம் முதலியவை இவ்வகையைச் சேர்ந்தவை. அண்மை ஆண்டுகளில் இவற்றோடு செயற்கை நுண்ணறிவு உதவியாளரும் இணைக்கப்பட்டுள்ளது. பலகையில் உள்ள குறிப்புகளைத் தேர்ந்தெடுத்து ஆணையிட்டால், அது அவற்றைக் குழுக்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரையும் இட்டுவிடுகிறது.

தெரியுமா?

எளிதில் ஒட்டவும் உரிக்கவும் கூடிய பசையை 1968ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலாளர் ஸ்பென்சர் சில்வர் கண்டறிந்தார். வலிமையான பசையைத் தேடியபோது கிடைத்த வலுவற்ற பசை அது. பாடல் புத்தகத்தில் வைத்த அடையாளத்தாள் நழுவி விழுவதைத் தவிர்க்க, அவருடன் பணியாற்றிய ஆர்ட் ஃபிரை அப்பசையைப் பயன்படுத்தலாம் என 1974இல் எண்ணினார். ஒட்டுத்தாள் 1980ஆம் ஆண்டு அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது.

கருவி பெயரிடும் விதம்

கணினி சொல்லின் பொருளை நம்மைப் போல் உணர்வதில்லை. அதற்கு எண்களே கிடைக்கின்றன. ஆகவே முதற்படியில், ஒவ்வொரு குறிப்பும் நூற்றுக்கணக்கான எண்களின் வரிசையாக மாற்றப்படுகிறது. நிலப்படத்தைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். ஓர் ஊரின் இடத்தை அகலாங்கு, நெட்டாங்கு என்னும் இரண்டு எண்களால் குறிக்கிறோம். திருவாலங்காட்டின் எண்களும் திருத்தணியின் எண்களும் நெருங்கியிருக்கும். கன்னியாகுமரியின் எண்கள் விலகியிருக்கும். அவ்வாறே, பொருளால் நெருங்கிய குறிப்புகளின் எண்வரிசைகள் அருகருகே அமையும்படி மொழி மாதிரி பயிற்றுவிக்கப்பட்டுள்ளது. ‘மழை பெய்யவில்லை’ என்பதும் ‘வானம் பொய்த்தது’ என்பதும் ஒரு சொல்லைக்கூடப் பொதுவாகக் கொண்டிராவிட்டாலும் அருகில் வருவது இதனால்தான்.

இரண்டாம் படியில், நெருங்கியவை ஒரு குழுவாகச் சேர்க்கப்படுகின்றன. எத்தனை குழுக்கள் என்பது இங்கு முதன்மையானது. அதே குறிப்புகளை நான்கு குழுக்களாகப் பிரித்தால் ஒரு தோற்றமும், ஒன்பதாகப் பிரித்தால் வேறொரு தோற்றமும் கிடைக்கும். மூன்றாம் படியில், ஒரு குழுவின் குறிப்புகளைப் படித்து, அவற்றுக்குப் பொருந்துவதாகத் தோன்றும் சொற்றொடரை மொழி மாதிரி உருவாக்குகிறது. சில கருவிகளில் பெரிய மொழி மாதிரி ஒன்றே இம்மூன்றையும் சேர்த்துச் செய்துவிடுகிறது.

மூன்று படிகளிலும் நடைபெறுவது ஒப்புமை காணுதலே. கருவி ஏற்கெனவே பயின்ற பெருந்திரளான எழுத்துகளில் எது மிகுதியாக வந்ததோ, அதன் பக்கம் அதன் பெயரிடுதலும் சாய்கிறது.

கலங்கல் என்னும் சொல்

பயன்பாட்டில் இது எவ்வாறு அமையும் என்பதைக் காண ஒரு களப்பணியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். திருவாலங்காட்டை அடுத்த சிற்றூர் ஒன்றின் ஏரியைப் பற்றி மாணவர் குழு ஒன்று ஊராரிடம் கேட்டறிந்து, 48 குறிப்புகளை வெண்பலகையில் ஒட்டுகிறது எனக் கருதுவோம். கிராம சபையில் ஒரு கோரிக்கையை முன்வைப்பது அவர்களின் நோக்கம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அவற்றுள் ஒன்று.

கருவி நான்கு பெயர்களைத் தருகிறது: நீர் மாசுபாடு, வேளாண்மை, ஏரிப் பராமரிப்பு, பிற. பார்வைக்கு ஒழுங்காகவே இருக்கிறது. நீர் மாசுபாடு என்னும் குழுவில் 19 குறிப்புகள் இருப்பதால், ஏரிநீரைத் தூய்மை செய்யவேண்டும் என்பதே முதற்கோரிக்கை எனச் சுருக்கமும் எழுதித் தருகிறது.

அக்குழுவைத் திறந்து படித்தால் ‘ஏரித்தண்ணி கலங்கலா இருக்கு’ என்று ஒரு குறிப்பு. அதன் அருகிலேயே ‘கலங்கல் மோசம்’ என்று ஆறு குறிப்புகள் வெவ்வேறு சொற்களில். முதற்குறிப்பு கலங்கிய நீரைப் பற்றியது. மற்றவை, ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழிந்து வெளியேறக் கட்டப்பட்ட அமைப்பைப் பற்றியவை. இவ்வட்டாரத்தில் அதற்கும் கலங்கல் என்றே பெயர். கலங்கல் இடிந்திருந்தால் மழைநீர் தேங்காது; ஏரியின் கொள்ளளவு குறையும். தூய்மைப் பணியால் அக்குறை நீங்காது. பொதுவான எழுத்துகளில் பெருகிக் காணப்படும் பொருளைக் கருவி எடுத்துக்கொண்டது. ஊரார் எண்ணிய பொருள் கைவிடப்பட்டது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. திருவாலங்காடு என்னும் பெயரிலேயே குத்தாலத்துக்கு அருகில், மயிலாடுதுறைப் பகுதியில் மற்றோர் ஊர் உண்டு. பெயரை மட்டும் அறிந்தவர் ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளக்கூடும். ஊரை அறிந்தவர் அவ்வாறு மயங்குவதில்லை.

பிழையில் ஒரு பங்கு குறிப்பெழுதிய மாணவருக்கும் உண்டு. முதியவர் ஒருவர், எந்த ஆண்டு மழையில் கலங்கல் இடிந்தது, அதனால் எத்தனை வயல்களுக்குப் பாய்ச்சல் நின்றது என்றெல்லாம் விளக்கியிருப்பார். அவ்வளவையும் ‘கலங்கல் மோசம்’ என்று இரண்டு சொல்லில் அடக்கிய பின், கருவிக்கு மட்டுமன்றி, உடன்படிக்கும் நண்பருக்கும் அதன் பொருள் விளங்காது.

இனி, பிற என்னும் குழுவைக் காண்போம். அங்கே ஒரு குறிப்பு தனித்துக் கிடக்கிறது: ‘முன்பெல்லாம் மதகைத் திறந்து மூட ஊரில் ஒருவர் இருந்தார், இப்போது யாரும் இல்லை.’ வேறெந்தக் குறிப்போடும் அது ஒத்துவரவில்லை, ஆகவே ஒதுக்கப்பட்டது. எண்ணிப் பார்த்தால், மதகுப் பலகை இற்றுப்போனதும், கடைமடைக்கு நீர் சென்றுசேராததும், கலங்கலைக் கவனிப்பார் இன்மையும் அந்த ஒரு குறிப்பினால் விளங்குகின்றன. பொறுப்பாளர் இல்லாத ஏரி என்பதே ஊரின் குறை. ஆறு பேர் சொன்னது செய்தியின் பரவலைக் காட்டும். ஒருவர் மட்டும் சொன்னது சில வேளைகளில் அதன் காரணத்தைக் காட்டும். கருவி எண்ணிக்கையை எளிதில் காண்கிறது. காரணத்தைத் தேடிச் செல்வது படிப்பவரின் கடமையாகிறது.

தமிழ்க்குறிப்புகளும் கருவியும்

தமிழில் எழுதிய குறிப்புகளைக் கையாளும்போது கருவிக்குக் கூடுதல் இடர்கள் உள்ளன. ஆங்கில எழுத்து ஒன்றைக் கணினியில் சேமிக்க, வழக்கிலுள்ள யூடிஎஃப்-8 முறையில் 1 பைட்டு போதும். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட்டுகள் தேவை. மெய்க்குப் புள்ளி தனிக் குறியீடாகச் சேமிக்கப்படுவதால், ‘கலங்கல்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல் 7 குறியீடுகளாகி 21 பைட்டுகளைப் பெறுகிறது. மொழி மாதிரிகள் பல, தமிழ்ச் சொல் ஒன்றை ஆங்கிலச் சொல்லைக் காட்டிலும் மிகுதியான துண்டுகளாக உடைத்தே படிக்கின்றன.

தமிழ் ஒட்டுநிலை மொழி. ஏரி, ஏரியில், ஏரிக்கரை, ஏரிக்குள்ளிருந்து என ஒரே சொல் பல வடிவங்களை ஏற்கிறது. பேச்சுவழக்கில் தண்ணி என்பதும் எழுத்துவழக்கில் தண்ணீர் என்பதும் ஒன்றே எனக் கருவி அறிந்திருக்க வேண்டும். மதகு, வரத்துக்கால், கடைமடை போன்ற நீர்நிலைச் சொற்களோ இணையத்தில் அருகியே காணப்படுகின்றன. எழுத்தில் ஏறாத சொல்லைக் கருவி பயில வழியில்லை. ஆதலால், வட்டாரச் சொற்களை விளக்கத்துடன் எழுதிவைப்பது நம் குறிப்புகளுக்கும் மொழியின் வருங்காலத்துக்கும் ஒருங்கே பயன் தரும்.

கருவியோடு பணியாற்றும் முறை

செயற்கை நுண்ணறிவு உதவியாளரை விலக்க வேண்டிய தேவை இல்லை. நூற்றுக்கணக்கான குறிப்புகளை முதல்முறையாகப் பிரிக்கும் உழைப்பை அது பெரிதும் குறைக்கிறது. நாம் காணத் தவறிய ஒப்புமையைச் சில வேளை காட்டியும் கொடுக்கிறது. அதன் பிரிவை முதல் வரைவாகக் கொண்டு, பின்வரும் நெறிகளைக் கடைப்பிடித்தல் நன்று.

ஒரு குறிப்பில் ஒரு செய்தியை மட்டும், முழுத் தொடராக எழுதுக. ‘கலங்கல் மோசம்’ என்பதற்கு மாறாக, ‘ஏரியின் மிகைநீர் வழியும் கலங்கல் இடிந்துள்ளது’ என்று எழுதினால் கருவியும் பிழைசெய்வது அரிது. கேட்ட இடத்தையும் நாளையும் உடன் குறிக்கவும். தகவல் தந்தவரின் பெயர், தொலைபேசி எண் முதலியவற்றை இணையப் பலகையில் இடுதல் கூடாது.

கருவியிடம் ஆணையிடும்போது நோக்கத்தைச் சொல்லுக. இவற்றை வகைப்படுத்து என்பதைவிட, ஏரியின் எந்தப் பகுதிக்குப் பழுதுபார்ப்புத் தேவை என்பதன் அடிப்படையில் வகைப்படுத்து என்பது தெளிவானது. குழுக்களின் எண்ணிக்கையை மாற்றி இருமுறை பிரித்துப் பார்க்க. இரண்டிலும் இடம் மாறாத குழு உறுதியானது. இடம் மாறும் குறிப்புகளை நாமே ஒருமுறை படித்தல் வேண்டும்.

நீர், சிக்கல், மேலாண்மை போன்ற பொதுப் பெயர்களை ஏற்காமல், குழுவுக்குள் உள்ள சொல்லிலிருந்தே பெயரை எடுக்க. ஏரிப் பராமரிப்பு என்பதைக் காட்டிலும் இடிந்த கலங்கல், ஆளில்லா மதகு என்னும் பெயர்கள் செய்தியைத் தாமே சொல்லிவிடும். பெயர் அறியாப் புலவருக்குப் பெயர் சூட்டியோர் காட்டிய வழி இதுவே.

ஒரு குறிப்பு இரு குழுக்களுக்கு உரியதாயின், படியெடுத்து இரண்டிலும் வைக்கலாம். மழைநீரோடு நெகிழிக் கழிவு வயலுக்குள் வருகிறது என்பது மாசுக்கும் உரியது, வேளாண்மைக்கும் உரியது. பிற என்னும் குழுவை இறுதியில் பார்க்காமல் முதலில் பார்க்க. அதிலுள்ள ஒவ்வொன்றையும் உரக்கப் படித்து, இது ஏன் எங்கும் சேரவில்லை என்று குழுவினர் பேசித் தெளிதல் வேண்டும்.

நிறைவாக, பெயரிட்ட பலகையைச் செய்தி தந்த ஊராரிடம் ஒருமுறை காட்டுக. தாம் சொன்னது தாம் எண்ணிய பொருளில்தான் நிற்கிறதா என்பதைச் சொல்லும் தகுதி அவர்களுக்கே முதலில் உண்டு.

திருவாலங்காட்டுச் செப்பேட்டின் எல்லைப் பகுதியை எழுதியவர், பழையனூரின் எல்லையை ஏட்டில் பொறிக்கும் முன் அதனை நிலத்தில் அறிந்தவர்களின் சொல்லைக் கேட்டாக வேண்டியிருந்தது. எல்லை ஒரு சொல்லால் பிறழ்ந்தாலும் ஒருவரின் நிலம் மற்றொருவருக்குச் சென்றுவிடும். ஏரியைப் பற்றிய நம் குறிப்புக்கும் அத்தகைய பொறுப்பு உண்டு. கருவி இட்ட பெயரைப் படித்து, ஊராரிடம் கேட்டு, வேண்டிய இடத்தில் திருத்திய பின்னரே அக்கோரிக்கையில் கையெழுத்திட வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

கலங்கல் – ஏரியின் மிகைநீர் வழிந்தோடும் அமைப்பு; கலங்கிய நீர்
மதகு – ஏரிநீரைப் பாசனத்துக்குத் திறந்துவிடும் வாயில்
வரத்துக்கால் – ஏரிக்கு நீர் கொண்டுவரும் கால்வாய்
கடைமடை – பாசன வாய்க்காலின் இறுதிப் பகுதி
நெகிழி – பிளாஸ்டிக்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நீர்நிலையைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டு 20 குறிப்புகள் எழுதுக. அவற்றைச் சீட்டுகளாக்கிக் கையால் வகைப்படுத்திப் பெயரிடுக. வாய்ப்பிருப்பின், அதே குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகொண்டும் வகைப்படுத்தி, இரண்டுக்கும் உள்ள வேறுபாடுகளை வகுப்பில் விளக்குக.

2. உங்கள் வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளில் வழங்கும் சொற்கள் ஐந்தைத் தொகுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொடர் எழுதுக.

3. அகநானூற்றின் வைப்புமுறையைப் பின்பற்றி, உங்கள் வகுப்பு நூலகத்தின் புத்தகங்களை எண்ணைக்கொண்டே வகை அறியும்படி அடுக்கும் திட்டம் ஒன்றை உருவாக்குக.